கல்மரத்திலிருந்து திருக்காவலூர் வரை

பெரம்பலூர், அரியலூர் என்னும் பெயர்களைக் கேட்டமாத்திரத்தில் நம்மில் பலருக்கு நினைவில் எழுபவை சிமெண்ட் ஆலைகளின் புகைபோக்கிகளும், சுண்ணாம்புக்கல் சுமந்து செல்லும் லாரிகளும், மழையை எதிர்நோக்கிக் கிடக்கும் மானாவாரி நிலங்களுமே. ஒரு காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாய் இருந்த இம்மண் 1995இல் பெரம்பலூர் மாவட்டமாயிற்று. 2007இல் அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெற்றது. பயணிகள் நாடி வரும் குளிர்மலையோ கடற்கரையோ இங்கில்லை. ஆயினும் மனிதன் தன் அறிவின் அளவை உள்ளபடி அறிந்துகொள்ள விரும்பினால், ஒருநாளேனும் நடந்து பார்க்க வேண்டிய மண் இதுவே என்பது என் துணிபு.

சென்ற தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதிகாலை, என் தம்பியும், அவனுடைய பேரனும், நானும் வாடகை வண்டி ஒன்றில் பெரம்பலூரிலிருந்து புறப்பட்டோம். அன்று மாலைக்குள் ஏலாக்குறிச்சி சென்று அடைக்கல அன்னையின் திருமுன் மன்றாட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பேரன், வழியில் சாத்தனூர்க் கல்மரத்தையும் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்தான். முப்பத்து நான்கு ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தம்பியோ ஐந்தாம் வகுப்போடு ஏட்டை மூடிவிட்டு ஏரைப் பிடித்தவன். எங்கள் இருவரிடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பேசப்படாத செய்தி ஒன்று இருந்தது. அதனை அன்றாவது பேசிவிட வேண்டும் என்னும் நினைவோடுதான் நான் வண்டியில் ஏறினேன்.

கல்லாய்க் கிடக்கும் மரம்

ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் சாத்தனூர். சோளமும் பருத்தியும் விளையும் கரிசல் காடுகளுக்கிடையே, கம்பி வேலி சூழ, நெடிதாய்ப் படுத்துக் கிடக்கிறது அந்தக் கல்மரம். 18 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. தொலைவிலிருந்து நோக்கினால், நேற்றுப் பெய்த மழையில் சாய்ந்த மரமென்றே தோன்றும். அருகே சென்று தொட்டால் கல். பட்டையின் வரிகளும், கணுவின் வடுக்களும் அப்படியே உள்ளன. மரம் மட்டும் இல்லை!

ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் தழைத்திருந்த மரம் இது என்கின்றனர் அறிஞர். பூக்கும் மரங்கள் உலகில் பல்கிப் பெருகுவதற்கு முன்பே நின்ற ஊசியிலை இனத்தது. அந்நாளில் இப்பகுதி முழுவதும் ஆழமற்ற கடல். ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரம் கடலடிச் சேற்றில் புதையுண்டது. காற்று புகாத அச்சேற்றில் மரம் மக்கவில்லை. நீரில் கரைந்திருந்த, கண்ணாடிக்கு மூலமான சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளில் சிறிது சிறிதாகப் படிந்து, மரத்தின் இடத்தைத் தானே பிடித்துக்கொண்டது. 1940ஆம் ஆண்டில் புவியியல் அறிஞர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் இதனைக் கண்டு உலகறியச் செய்தார். அதுவரை எத்தனை தலைமுறை ஆட்டிடையர்கள் அதன்மேல் அமர்ந்து கஞ்சி குடித்திருப்பார்களோ, யார் அறிவார்!

வேலியோரம் நின்ற பேரன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"பெரிய தாத்தா, உலகத்தைக் கடவுள் ஆறு நாளில் படைத்தார் என்று மறைக்கல்வியில் சொன்னார்கள். இங்கே பலகையில் 12 கோடி ஆண்டு என்று போட்டிருக்கிறதே. எது சரி?"

இளம் வயதில் இக்கேள்வி என்னையும் வாட்டியதுண்டு. ஆனால் திருச்சபையின் தந்தையருள் பெரியவரான புனித அகுஸ்தீனார், இற்றைக்கு 1,600 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு வழி காட்டிவிட்டார். படைப்பின் நாள்களை நம் கடிகார நாள்களாகக் கொள்ள வேண்டுவதில்லை என்று அவர் விளக்கினார். வானத்தையும் மண்ணையும் பற்றி ஆய்ந்தறிந்தோர் முன்னிலையில், விவிலியத்தைச் சான்று காட்டி அறியாமையைப் பேசுகிற கிறிஸ்தவன், விசுவாசத்தையே நகைப்புக்கு உள்ளாக்குகிறான் என்றும் எச்சரித்தார். விவிலியம் நமக்குச் சொல்ல வந்தது படைத்தவர் யார், எதற்காகப் படைத்தார் என்பதை. எப்போது, எவ்வாறு என்பதை ஆராயவே அவர் நமக்கு அறிவைத் தந்தார். இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருவன. ஆதலால் ஒன்றோடொன்று பகைப்பதில்லை. 1870ஆம் ஆண்டில் முதலாம் வத்திக்கான் சங்கம் போதித்ததும் இதுவே.

இதைப் பேரனுக்கு எளிய சொற்களில் எடுத்துரைத்தேன். அவன் தலையை ஆட்டினான். தம்பி மட்டும் கல்மரத்தைத் தடவியபடி, "இவ்வளவு காலமும் அவர் பொறுமையாக இருந்திருக்கிறாரே!" என்றான். நான் ஆண்டுகளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். அவனோ இறைவனின் பொறுமையைக் கணக்கிட்டான்.

ஆயராய் விளங்கிய கல் அறிஞர்

சாத்தனூரை அடுத்துள்ள காரைப் பகுதியின் வெட்டவெளி வேறோர் உலகம். மழைநீர் அரித்த களிமண் மேடுகள், ஒரு செடியும் முளைக்காமல், யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோல் பரந்து கிடக்கின்றன. ஆங்காங்கே கண்ணாடித் தகடுபோல் மின்னுவது ஜிப்சம். மண்ணில் அம்புமுனை போலக் கிடப்பவை கணவாய் இனத்துக்கு உறவான பழைய கடலுயிர்களின் எச்சங்கள். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்டிருப்பவை அம்மோனைட் என்னும் உயிரின் ஓடுகள். சுறாமீனின் பற்களும் இங்குக் கிடைக்கின்றன. கடலிலிருந்து நெடுந்தொலைவு உள்ளே தள்ளி, குடிநீருக்கே தவிக்கும் காட்டில் சுறாவின் பல்!

சுறாப்பல் என்றதும் ஒரு வரலாற்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ஐரோப்பாவிலும் இத்தகைய பற்கள் மலைப்பாறைகளில் கிடைத்தன. அவற்றை 'நாக்குக் கற்கள்' என்றும், வானிலிருந்து விழுந்தவை என்றும் கற்றோரே நம்பியிருந்தனர். 1666ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் பெருஞ்சுறா ஒன்றின் தலையை அறுத்து ஆராய்ந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ என்னும் டென்மார்க் நாட்டு மருத்துவர், அக்கற்கள் முற்காலச் சுறாக்களின் பற்களே என்று காட்டினார். கீழே உள்ள பாறையடுக்கு முந்தியது, மேலே உள்ளது பிந்தியது என்னும் விதியை 1669இல் நூலாக வெளியிட்டார். இன்று புவியியல் அவ்விதியின் மேல் நிற்கிறது.

அந்த ஸ்டெனோ 1667இல் கத்தோலிக்க மறையைத் தழுவினார், 1675இல் குருவானார், 1677இல் ஆயரானார். தமக்கிருந்ததை ஏழைகளுக்கு ஈந்து, தாமும் ஏழையாகவே 1686இல் உயிர்நீத்தார். 1988ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார். பாறைகளின் ஏட்டைப் படிக்க உலகுக்குக் கற்பித்தவர் பீடத்தின்முன் முழந்தாளிட்டதில் அவருடைய அறிவு சிறுமையுறவில்லை. அது தன் இடத்தை அறிந்துகொண்டது.

முட்டையா, கல்லா?

மனித அறிவுக்குத் தன் இடம் தெரியாதபோது நேர்வது யாது? இம்மாவட்டத்திலேயே சான்று உண்டு.

2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பெரம்பலூர் மாவட்டக் குன்னத்தில் நீர்நிலையொன்றைத் தோண்டியபோது உருண்டை வடிவில் பெரிய கற்கள் வெளிப்பட்டன. 'டைனோசர் முட்டைகள்!' என்னும் செய்தி கைபேசி வழியே காட்டுத்தீபோல் பரவிற்று. மக்கள் திரண்டனர், படங்கள் பறந்தன. புவியியலார் வந்து ஆராய்ந்து, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் போன்ற கடலுயிர் எச்சங்களைச் சுற்றிக் கடலடிப் படிவம் திரண்டு இறுகிய கல்லுருண்டைகளே என்று தெளிவுபடுத்தினர். அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது.

பாமரர் ஏமாந்தனர் என்று நகைக்க வேண்டா. அறிஞரின் கதையும் இங்கு உண்டு. அரியலூருக்கு அண்மையிலுள்ள கல்லமேட்டுப் பகுதியில், 1980களில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் மாபெரும் எலும்புகள் சிலவற்றைக் கண்டெடுத்தனர். கணைக்கால் எலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர் நீளம்! 'பேருடல் கொண்ட பல்லி' என்று பொருள்படும் வகையில் 'பிருகத்காயோசாரஸ்' எனப் பெயரிட்டனர். முதலில் அதனை ஊன் தின்னும் விலங்கு என்றனர். பின்வந்தோர், அன்று, இது நீள்கழுத்துடைய தழை தின்னும் விலங்கு என்றனர். இவை எலும்புகளே அல்ல, கல்லாகிய மரத்துண்டுகளாயிருக்கலாம் என்று ஐயுற்றவரும் உண்டு. தரையில் நடமாடிய உயிர்கள் அனைத்திலும் பெரியது இதுவே ஆகலாம் என்று அண்மையில் சிலர் கணித்துள்ளனர்.

சென்று பார்த்து முடிவு செய்யலாமே என்கிறீர்களா? இயலாது. அவ்வெலும்புகள் இன்று இல்லை! பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் பழுதுறாமல் இருந்தவை, மனிதன் வெளியே எடுத்தபின் பருவமழையில் நனைந்து, பொடிந்து போயின. எஞ்சியவை சில படங்களும் அளவைகளுமே. தரையில் நடமாடியவற்றுள் மிகப் பெரிய உயிராகலாம் என்று சிலர் கருதும் ஒன்றைப் பற்றி நம் கையில் இருப்பது ஒரு காகிதக் கட்டு. நம் அறிவின் பெருமையும் வறுமையும் ஒருங்கே விளங்க இதைவிட வேறு என்ன வேண்டும்?

இதைச் சொல்லும்போது அவ்வறிஞர்களை நான் குறைகூறவில்லை. அவர்கள் உழைத்தனர், தவறு தெரிந்தபோது திருத்திக்கொண்டனர். அதுவே அறிவின் நேர்மை. 1862இல் இந்தியா வந்து, இம்மண்ணின் பழங்கடல் உயிர்களைப் பல தொகுதிகளில் வருணித்துவைத்த பெர்டினாந்து ஸ்டோலிச்கா, 1874இல், தம் 36ஆம் வயதில், இமயத்துக்கு அப்பாலுள்ள பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் உயிர்துறந்தார். இன்றளவும் அவர் நூலைப் புரட்டாமல் அரியலூர்ப் பாறைகளை ஆராய்வோர் இலர். அறிவு கடவுளின் கொடை. அதற்காக உயிரையும் ஈந்தோர் போற்றத்தக்கவர். அறிவுக்கு எல்லை இல்லை என்று எண்ணும் செருக்கே கொடியது. அந்தச் செருக்கைத் தேடி நான் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. அது என் வீட்டிலேயே இருந்தது.

வெங்காயப் பட்டறை

பெரம்பலூர்ப் பகுதி சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்றது. அறுவடையான வெங்காயத்தைத் தாளோடு காயவைத்து, மூங்கிலும் கீற்றும் கொண்டு காற்றோட்டமாக அமைத்த பட்டறையில் சேமித்து, விலை ஏறும்போது விற்பது இங்குள்ள வழக்கம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் தம்பிக்கு நல்ல விளைச்சல். மகளின் திருமணம் நெருங்கியிருந்தது. வியாபாரி களத்துக்கே வந்து விலை பேசினார். தம்பி என்னைக் கேட்டான்.

நானோ கணித ஆசிரியன். பல ஆண்டுகளின் விலையை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, சராசரி கண்டு, கோடு வரைந்து வைத்திருந்தேன். "இன்னும் இரண்டு மாதம் பொறு, இரட்டிப்பு விலை கிடைக்கும். கணக்குப் பொய் சொல்லாது" என்றேன். அப்போது உயிரோடிருந்த எங்கள் தாயார், எழுத்தறியாதவர், திண்ணையிலிருந்து சொன்னார்: "தட்டான் தாழப் பறக்குதுடா. மழை வரும்போல இருக்கு. வந்த விலைக்குக் கொடுத்துடுங்க." நான் நகைத்தேன். "அம்மா, தட்டான் பூச்சிக்குச் சந்தை நிலவரம் தெரியுமா?" என்று கேட்டதும் நினைவிருக்கிறது.

பருவம் தவறிய மழை விடாமல் பெய்தது. பட்டறைக்குள் ஈரம் ஏறியது. மூன்றாம் வாரத்தில் அழுகல் நாற்றம் தெருவரை வந்தது. திருமணத்துக்காகத் தம்பி இரண்டு ஏக்கர் நிலத்தை விற்றான். பின்னர்த் திருப்பூருக்குப் போய்ப் பல ஆண்டுகள் பனியன் தொழிலில் கூலி வேலை செய்தான். அவன் என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. திருநாளுக்கு ஊர் வரும்போதெல்லாம் எனக்கு வேட்டி வாங்கி வருவான். அந்த வேட்டிகளை உடுத்தும்போதெல்லாம் என் உடல் கூசும்.

புனித லூக்காஸ் நற்செய்தியில் நம் ஆண்டவர் கூறும் உவமை ஒன்றுண்டு. நிலம் நன்றாய் விளைந்த செல்வன் ஒருவன், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாய்க் கட்டவும், பல்லாண்டு உண்டு களிக்கவும் திட்டமிட்டான். அவ்விரவே அவன் உயிர் கேட்கப்பட்டது. திருப்பலியில் அந்த வாசகம் வரும்போது நான் தலைகுனிந்து கொள்வேன். அச்செல்வன் தன் பொருளை வைத்தே கணக்கிட்டான். நானோ தம்பியின் பொருளை வைத்தன்றோ கணக்கிட்டேன்!

திருக்காவலூரில்

வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைக் கண்டுவிட்டு, கீழப்பழுவூர், திருமானூர் வழியாக ஏலாக்குறிச்சியை அடைந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. கரிசலும் முள்ளும் மறைந்து, கொள்ளிடக் கரையின் பசுமை தொடங்கியிருந்தது.

இவ்வூரைத் தமிழ் இலக்கியத்தில் 'திருக்காவலூர்' என நிலைநிறுத்தியவர் வீரமாமுனிவர். இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் 1680இல் பிறந்து, சேசு சபையில் சேர்ந்து, 1711இல் தமிழகம் வந்த கொன்ஸ்தான்சு யோசேப்பு பெஸ்கியே அவர். அடைக்கல அன்னையின்மேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். தொன்னூல் விளக்கமும் சதுரகராதியும் தந்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். அவர்காலத்து மனிதருள் அவரளவு கற்றோர் சிலரே. 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட தமிழறிஞர் சிலைகளுள் அவர் சிலையும் ஒன்று.

இத்துணை அறிவாளர் தம் பெருங்காப்பியத்துக்கு யாரைத் தலைவராகக் கொண்டார்? 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல் கொண்ட தேம்பாவணியின் நாயகர் புனித சூசையப்பர். நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு சொல் கூட இல்லை. கனவில் கேட்டார், விழித்தெழுந்து செய்தார். விளக்கம் கேட்கவில்லை; வாதாடவில்லை. சொற்களின் மன்னரான முனிவர், ஒரு சொல்லும் பேசாத தச்சரின் அடியில் 3,615 பாடல்களை வைத்தார்! கற்றவன் கற்க வேண்டிய கடைசிப் பாடம் இதுவன்றோ?

அவரே எழுதிய மற்றொரு நூலை நாம் சிறுவயதில் சிரித்துச் சிரித்துப் படித்திருக்கிறோம்: பரமார்த்த குருவின் கதை. குருவும் ஐந்து சீடரும் ஆற்றைக் கடக்கின்றனர். கரையேறியபின் ஒருவன் எண்ணுகிறான், ஐந்து பேர்தாம். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று ஒப்பாரி வைக்கின்றனர். எண்ணியவன் தன்னை எண்ண மறந்தான்! ஆலயத்தின் குளிர்ந்த தரையில் அமர்ந்திருந்தபோது இக்கதையின் உட்பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. மழையை எண்ணாமல் விலையை எண்ணிய நான், தவறக்கூடிய மனிதன் ஒருவன் அங்கிருக்கிறான் என்பதை எண்ணவே இல்லை. அவன் நான்தான்.

செபமாலை முடிந்து வெளியே வந்தோம். பேரன் கொய்யாப்பழம் வாங்கப் போயிருந்தான். மரநிழலில் நின்று தம்பியிடம் சொன்னேன்: "அந்த வெங்காய விஷயத்தில் நான் உன்னைக் கெடுத்துவிட்டேன். இத்தனை ஆண்டும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை."

அவன் சற்று நேரம் கொள்ளிடத்துப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அண்ணா, நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காக மட்டுமா நான் நிறுத்தி வைத்தேன்? இரட்டிப்பு விலை என்றதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. அம்மா சொன்னதும் என் காதில் விழுந்தது. விற்க வேண்டாம் என்று முடிவு செய்தவன் நான்தான். எல்லாப் பழியையும் நீங்களே எடுத்துக்கொண்டால் என் பங்கை நான் எங்கே போய்ச் சங்கீர்த்தனத்தில் சொல்வது?"

என்னால் பேச இயலவில்லை. இருபது ஆண்டுகள் நான் சுமந்த மனவருத்தத்திலும் செருக்கு ஒளிந்திருந்ததை அவன் ஒரே வாக்கியத்தில் காட்டிவிட்டான். 'என் அறிவே அவனை வாழவைக்கும்' என்று எண்ணியதும் செருக்கு. 'என் அறிவே அவனைக் கெடுத்தது' என்று எண்ணியதும் அதே செருக்கின் மறுபக்கம். அவனோ தன்னையும் சேர்த்து எண்ணினான். பரமார்த்த குருவின் சீடருக்குத் தெரியாத கணக்கு ஐந்தாம் வகுப்புப் படித்த என் தம்பிக்குத் தெரிந்திருந்தது.

இறைவனின் ஞானம்

விவிலியத்தில் யோபு, துன்பத்தின் காரணத்தை இறைவனிடம் கேட்டார். அவருடைய நண்பர்கள் அறிவார்ந்த விளக்கங்களை அடுக்கினர். முடிவில் இறைவன் சூறாவளியினின்று பேசியபோது யோபுக்குக் காரணம் எதையும் சொல்லவில்லை. உலகுக்கு அடித்தளம் இடப்பட்டபோது நீ எங்கிருந்தாய் என்றும், கடலின் ஊற்றுகள்வரை நீ சென்றதுண்டோ என்றும் வினவினார். கரிசல்காட்டில் கடல்சிப்பியைக் கையில் ஏந்தி நிற்பவனுக்கு அக்கேள்விகள் எட்டாத வானத்திலிருந்து வருவனவாய்த் தோன்றா, காலடியிலிருந்தே எழும். ஒன்று கவனித்தீர்களா? இறைவன் சினந்தது கேள்வி கேட்ட யோபுமேல் அன்று. எல்லாம் தெரிந்தவர்போல் விடை சொன்ன நண்பர்கள்மேலேயே.

ஆயினும் இறைவனின் ஞானம் நம்மை வாயடைக்கச் செய்யும் பேராற்றல் மட்டுமே என்றால், அஞ்சி ஒதுங்குவதன்றி வேறு வழியில்லை. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதுகையில் நமக்கு வேறொன்றைக் காட்டுகிறார். கிரேக்கர் ஞானத்தைத் தேடினர். யூதர் அருங்குறிகளைக் கேட்டனர். கடவுளோ சிலுவையில் அறையுண்ட கிறிஸ்துவைத் தந்தார். உலகின் கண்ணுக்கு அது மடமை. தவறு செய்தவனின் கடனைத் தவறு செய்யாதவர் ஏற்பது எந்தக் கணக்கில் சேரும்? எந்தச் சராசரியில் அடங்கும்? இழந்தவனே ஆண்டுதோறும் வேட்டி வாங்கி வந்தானே, அந்தக் கணக்கை என் நோட்டுப் புத்தகத்தில் எழுத இடமில்லை. சிலுவையின் ஞானம் நம் வீடுகளுக்குள் நுழையும்போது இவ்வாறுதான் நுழைகிறது போலும்.

அன்பு வாசகர்களே, நம் பிள்ளைகள் நன்கு படிக்கட்டும். கல்மரத்தின் வயதையும், விண்மீன்களின் தொலைவையும் கணக்கிடட்டும். விசுவாசத்தின் பெயரால் அவர்களுடைய கேள்விகளை அடக்காதிருப்போம். ஸ்டெனோவைப் போல் வினவவும் மண்டியிடவும் கற்பிப்போம். அதே வேளையில், வீட்டில் யாரேனும் நம் அறிவை நம்பி வந்து யோசனை கேட்கும்போது, "எனக்குத் தெரிந்தது இவ்வளவு, நான் தவறவும் கூடும்" என்று சொல்லும் துணிவை இறைவனிடம் வேண்டுவோம். திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோரின் சொல்லுக்கும் ஒரு கணம் செவி கொடுப்போம்.

இருள் கவியும் வேளையில் வண்டி திருமானூரை நோக்கித் திரும்பியது. நாள் முழுதும் நடந்த களைப்பில் பேரன் உறங்கிப்போனான். அவன் சட்டைப் பையிலிருந்து ஏதோ உருண்டு என் காலடியில் விழுந்தது. காரையின் வழியோரத்தில் அவன் பொறுக்கிய கூழாங்கல். "முட்டையாக இருக்குமோ?" என்றேன். தம்பி அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரியவில்லை, அண்ணா" என்றான். அன்று நாள் முழுவதும் நான் கேட்ட விடைகளுள் அதுவே எனக்கு மிகவும் பிடித்திருந்தது.